அந்துவான் அண்ணன் சொன்ன படம்

செவ்வாய்க்கிழமை காலை அந்துவான் அண்ணனின் மனைவி தெரேஸ் அக்காவிடமிருந்து போன் வந்தது. "உங்க அண்ணன் போய்ட்டாரும்மா. காப்பி கேட்டாரு. எடுத்தாறதுக்குள்ள போய்ட்டாரு" என்றார். சாரம் பகுதியில் நடக்கும் நம் திரைப்படக் கழகத்துக் கூட்டம் எதற்கும் நேரத்துக்கு வராத மனிதருக்கு இதில் மட்டும் என்ன அவசரமோ! நண்பர்களே, அழுதுகொண்டேதான் சிரித்தேன்.

அந்துவான் அண்ணனை ஊருக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரராகத் தெரியும். நமக்கு அவர் மைக். நாம் வாங்கிப் போட்ட பிரெஞ்சுப் படங்களில் சப்டைட்டில் இருக்காது. அவர் திரைக்கு ஓரமாக உட்கார்ந்து தமிழில் சொல்வார். அதை மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது. வசனம் பாதி, அண்ணனின் அபிப்பிராயம் பாதி.

யுத்த காலத்துப் படம் ஒன்றின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். வருஷம் தவறாமல் போடச் சொல்வார். யூதர்களைத் தேடித் தேடிப் பிடித்துக் கொன்ற காலம். சின்ன ஊர் ஒன்றில் துணி வெளுக்கும் பெண் ஒருத்தி, அடுத்த தெருத் தையல்காரர் குடும்பத்தைத் தன் பரணில் ஒளித்துவைக்கிறாள். சிப்பாய்கள் கதவைத் தட்டுகிறார்கள். அவள் ஒரு விரற்கடை திறந்து, யாரும் இல்லை என்கிறாள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மைக்கில் அண்ணன் குரல் வரும்: "இப்படியா தொறப்பாங்க? நல்லா அகலமா தொறந்து, வாங்க, சாப்புடுங்கன்னு சொல்ல வேணாவா? சோறு போட்ட வூட்டுல எவன்யா தேடுவான்?"

எல்லோரும் சிரித்துவிடுவோம். ஆனால் கடைசிக் காட்சியில், யுத்தம் முடிந்து, தையல்காரரின் மகள் தெருவில் இறங்கி நின்று ஏதோ சொல்வாள். அங்கே மைக் அடங்கிவிடும். "அண்ணே, இன்னா சொல்றா?" என்று யாராவது கத்துவார்கள். "ஒண்ணும் இல்லடா. வெயில் சுடுதாம்" என்பார். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அந்த அரங்கில் புரொஜக்டர் ஓட்டிக்கொண்டிருந்த பெலிக்ஸைத்தான் நான் கட்டிக்கொண்டேன். நானோ தவளக்குப்பம் பக்கத்து விவசாயக் குடும்பம், அவரோ கிறிஸ்தவர். விஷயம் தெரிந்ததும் வீட்டில் மாமன் மகனுக்கு என்னைப் பேசி, முகூர்த்தமும் குறித்துவிட்டார்கள். பதிவுத் திருமணத்துக்கு நாள் வரும்வரை தெரேஸ் அக்காதான் என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். "படத்துல வர்ற மாதிரியே இருக்குண்ணே" என்று நான் சொன்னபோது அந்துவான் அண்ணனுக்குக் கோபம் வந்தது. "அதோட ஒப்பிடாத. அங்க உயிரு போச்சு. இங்க உங்க ஆளுங்களுக்குப் பாசம் முத்திப்போச்சு, அவ்ளோதான்."

அந்த முத்திய பாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலுக்கே வந்துவிட்டது. என் ஏழுமலை அண்ணனும் சித்தப்பாவும். நான் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர்கள் கண்ணில் பட்டிருந்தால் அன்றைக்கே ஊருக்கு இழுத்துப் போயிருப்பார்கள். பெலிக்ஸை மறந்துவிட வேண்டியதுதான். அந்துவான் அண்ணன் இரண்டு கதவையும் அகலத் திறக்கும் சத்தம் கேட்டது. "வாங்க, வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க. தெரேஸ், எல போடு. மீன் கொழம்பு!"

"நாங்க சாப்புட வர்ல" என்றார் சித்தப்பா.

"பேசறத சாப்ட்டுட்டுப் பேசுவோம். மொதல்ல கைய கழுவுங்க."

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா இன்னொரு கரண்டி ரசம் கேட்டதும் என் காதில் விழுந்தது. பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்க பொண்ணு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் வாசலிலிருந்து ஏழுமலை அண்ணன் குரல் வந்தது: "வா சித்தப்பா, போலாம். இங்க இல்ல."

அதற்குப் பிறகு அந்துவான் அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. கோயிலில் சாமியாரிடம் போய், "பொய்யே சொல்லல ஃபாதர், சோறுதான் போட்டேன்" என்றாராம். படம் போடும்போதெல்லாம் அந்தக் காட்சி வந்தால், "இவ எங்கிட்ட ஒரு யோசன கேட்டிருக்கலாம்" என்று மைக்கில் பீற்றிக்கொள்வார். நான் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொள்வேன்.

கல்யாணம் முடிந்ததோடு என் வீட்டார் என்னிடம் பேச்சை விட்டுவிட்டார்கள். இப்போது அந்துவான் அண்ணனின் அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஏழுமலை அண்ணன் நின்றிருந்தான். தலை நரைத்திருந்தது. தவளக்குப்பத்தில் அஞ்சலி போஸ்டர் பார்த்து வந்தானாம்.

"அன்னிக்கே பாத்தேன்" என்றான்.

"எத?"

"உன் செருப்ப. சாப்ட்டு வந்து என் செருப்ப மாட்டறேன், பக்கத்துல உன்னுது. நான் வாங்கிக் குடுத்ததாச்சே."

ஆளைக் கவனமாக ஒளித்துவைத்துவிட்டுச் செருப்பை வாசற்படியில் விட்டிருக்கிறோம். நம் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்! துக்க வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்க இருவரும் சிரித்தோம்.

"அப்புறம் ஏண்ணா போய்ட்ட?"

"அந்தாளு போட்ட கொழம்பு கையில மணக்குது. அந்தக் கையால உன்ன எப்படிப் புடிச்சு இழுக்கறது?"

அந்துவான் அண்ணன் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது பெலிக்ஸை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். என் அண்ணனையும்தான்.