தபால் சார் வாசித்த கடிதங்கள்

எங்கள் தொழிற்சாலையில் தண்ணீர்க் குழாய்களுக்கான வால்வு செய்கிறோம். நான் நாலாம் மேசை. வால்வைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, காற்றைச் செலுத்தி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் ஒழுகும் வால்வு, சிவப்புக் கூடை; வராவிட்டால் நீலக் கூடை. நீலக் கூடைக்குப் போகும் ஒவ்வொன்றிலும் என் மேசை எண் குத்தியிருக்கும். பதினேழு வருடமாக இதே குமிழி. கதை என்னைப் பற்றியதில்லை, தபால் சாரைப் பற்றியது. ஆனால் என்னை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது, என்ன செய்ய.

தபால் என்பது நாங்கள் வைத்த பெயர். கடல் தாண்டி எங்கள் வால்வை வாங்குகிற கம்பெனியிலிருந்து வரும் இங்கிலீஷ் கடிதங்களைப் படிப்பதும், பதில் எழுதுவதும் அவர் வேலை. இருநூறு பேர் இருந்த இடத்தில் இங்கிலீஷ் முழுசாகத் தெரிந்த ஒரே ஆள். ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று எழுதாது. ஏன் சார் அதைச் சுமக்கிறீர்கள் என்றால், "இரவல் கேக்குறவங்களுக்கும்மா" என்பார்.

திங்கட்கிழமை பத்து மணி டீ நேரத்தில் மரப்பலகை மேல் ஏறி நின்று, அந்த வாரக் கடிதத்தைத் தமிழில் வாசிப்பார். வாங்குகிறவர்களைப் போலத் தங்கமான மனிதர்கள் உலகத்தில் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். "பேக்கிங்ல கொஞ்சம் கவனம் தேவைன்னு அன்போட கேட்டுக்கிறாங்க" என்பார். ஆறு வருடம் முன்பு ஒரு திங்கட்கிழமை, "நாலாம் மேசையில வெளிச்சம் பத்தலைன்னு நினைக்கிறாங்க" என்று வாசித்தார். பாலிஷ் பிரிவுக்காரர், அவரை நாங்கள் பாலிஷ் என்றே கூப்பிடுவோம், உடனே வாயைத் திறந்தார். "ஏன் சார், அங்க உக்காந்துக்கிட்டு நம்ம லைட்டைப் பாக்குறாங்களா? கண்ணா, டெலஸ்கோப்பா?" எல்லோரும் சிரித்தார்கள். தபால் சாரும் சிரித்தார். அன்று சாயந்திரமே எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து என் தலைக்கு மேல் புது ட்யூப்லைட் மாட்டினார். என் வீட்டுக்காரர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. யாரோ முகம் தெரியாதவனுக்கு என் மேல் இவ்வளவு அக்கறையா என்று நினைத்தேன். அந்த நாட்களில் வேறு எதுவும் எனக்குத் தோன்றியதில்லை. சோறு போட்டால் சாப்பிட்டேன், எழுப்பினால் எழுந்தேன், அவ்வளவுதான்.

போன வருடம் புது மேனேஜர் வந்தார். வந்த மாதமே கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து, இனி செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து ஒரு மணி நேரம் இங்கிலீஷ் வகுப்பு, கம்பெனியே நடத்தும் என்றார். டீயும் உண்டு என்றதும் பாலிஷ் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.

"சார், இனிமே உங்க நாற்காலி ஆட்டம் கண்டுடும் போலிருக்கே" என்று தபால் சாரைச் சீண்டினார்.

"ஆடட்டுமே. இருபத்தி மூணு வருஷமா அதே நாற்காலி, அதுக்கும் அலுத்துப் போயிருக்கும்" என்றார் அவர்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் விஷயம் அதுதான் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் படிக்கக் கற்றுக்கொண்டால் படித்துச் சொல்ல ஒரு ஆள் எதற்கு? தெரிந்தும் போனோம். நானும்தான்.

பொய் சொல்லக்கூடாது, வகுப்பால் நன்மை இருந்தது. பாலிஷ் மெஷினில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர் கையை உள்ளே விடாதே என்று சொல்கிறது என்பதே பாலிஷுக்கு அப்போதுதான் தெரிந்தது. "அடப்பாவி, பதினோரு வருஷமா கம்பெனிப் பேருன்னுல்ல நினைச்சேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பெட்டிக்கு லேபிள் மாறிப்போவது நின்றது. மூன்று நாள் எடுத்த பதில் அன்றன்றைக்கே போனது. வாங்குகிறவர்கள் பார்க்க வந்தபோது நானே என் மேசையைக் காட்டி நாலு வாக்கியம் பேசினேன். உள்ளுக்குள் ஏதோ கொஞ்சம் அசைந்தது அன்றைக்கு. ரொம்ப நாளைக்கப்புறம்.

வருடக் கடைசியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். வகுப்பால் கம்பெனிக்கு என்ன லாபம் என்று இரண்டு பக்கம் எழுதியிருப்பதாகவும், முதலாளிகள் முன்னால் வகுப்பில் படித்த ஒருத்தரே அதை இங்கிலீஷில் வாசித்தால் நன்றாயிருக்கும் என்றும் சொன்னார். யாரிடம் போவேன்? தபால் சாரிடம்தான் போனேன்.

ஐந்து நாள் மத்தியான இடைவேளையில் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தேன். டிபன் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். "அங்க மூச்சு விடு. அவசரம் என்ன, பஸ்ஸா போயிடும்?" என்பார். கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம். அலுவலகத்தில் ஒரு பணியிடம் என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம் வந்த வார்த்தை வாயிலேயே நுழையவில்லை. அவர் அதை மூன்றாக உடைத்துச் சொல்லிக்கொடுத்தார். பத்துத் தடவை சொல்லவைத்தார்.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

அவர் டிபன் டப்பாவின் மூடியை எடுத்து மூடினார். "ஆபீஸ்ல ஒரு இடத்துல வேலை லேசாயிடுச்சாம். அதைச் சொல்றாங்க."

"நல்லதுதானே சார்?"

"நல்லதுதான். இன்னொரு தடவை சொல்லு, நடுவுல அழுத்தணும்."

கூட்டத்தன்று தடங்கல் இல்லாமல் வாசித்தேன். அந்த வார்த்தையை நடுவில் அழுத்திச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது வரிசையில் தபால் சாரும் தட்டினார்.

வெளியே வந்ததும் பாலிஷ் என் பக்கத்தில் வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. "தபால் அடுத்த மாசத்தோட போறாராம், மேனேஜரே சொன்னாரு. வேண்டாத பணியிடம்னு நீ படிச்சியே, அது அவருதான். உனக்குத் தெரியாதா?"

அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. மேசைக்குப் போய் மீதி வால்வுகளைப் பார்த்து முடித்தேன். பிறகுதான் அவர் அறைக்குப் போனேன்.

"ஏன் சார் சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்த இடத்துல தடுமாறியிருப்பே. ஒரு வருஷம் கஷ்டப்பட்டுப் படிச்ச பொண்ணு, அத்தனை பேர் முன்னால எதுக்கு?" என்றார். ஏதோ என்னுடைய பரீட்சை மாதிரி.

அவர் போன பிறகு கடிதங்கள் இங்கிலீஷிலேயே நேராகக் கேன்டீன் திரையில் வருகின்றன. முதல் திங்கட்கிழமை எல்லோரும் நிமிர்ந்து படித்தோம். ஒருத்தர் மூஞ்சியிலும் ஈயாடவில்லை. "என்னப்பா இவன், திடீர்னு இப்படி எரிஞ்சு விழறான்? நல்ல மனுஷனாச்சே!" என்றார் பாலிஷ்.

எனக்கு ஏதோ உறுத்தியது. பழைய கோப்புகள் அலமாரியில்தான் இருந்தன. மேனேஜரிடம் கேட்டு எடுத்தேன். வருடம் பார்த்துப் புரட்டினேன். ஆறு வருடம் முன்பு. மெதுவாக, அகராதி வைத்துக்கொண்டு படித்தேன்.

நாலாம் மேசையிலிருந்து ஒழுகும் வால்வு வருவது இது மூன்றாவது முறை. அங்கே இருப்பவர் வேலையைப் பார்ப்பதே இல்லை. அவரை உடனே வெளியே அனுப்புங்கள்.

அதன் பின்னாலேயே தபால் சாரின் பதில், நகல். நாலாம் மேசையில் விளக்கு மங்கிவிட்டது, தவறு எங்களுடையது, புது விளக்கு மாட்டியாகிவிட்டது, இனி அந்த மேசையிலிருந்து ஒன்று ஒழுகினாலும் என்னை அனுப்பிவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

விளக்கு மங்கவில்லை. எனக்குத் தெரியும். அந்த மாதங்களில் குமிழி வந்ததா வரவில்லையா என்று நான் பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் நீலக் கூடையில் போட்டேன். தலைக்கு மேல் புது விளக்கு வந்த பிறகுதான் திரும்பக் குமிழியைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மத்தியான இடைவேளையில் என் மேசையிலிருந்தே அவருக்குப் போன் செய்தேன்.

"சார், பழைய கோப்பைப் படிச்சேன்."

"நீயே படிச்சியா?" என்றார்.

"நானேதான் சார்."

"ம். அந்த லைட்டு இன்னும் எரியுதாம்மா?"

நிமிர்ந்து பார்த்தேன். "எரியுது சார்."