கல்யாணப் பத்திரிகையில் கிடைத்த பெண்கள்

அன்று சித்தூரில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர். திருப்பதிக் காலேஜில் இங்கிலீஷ் நடத்தும் பெண். அவ்வளவுதான்.

அவள் இங்கே பி.ஏ. இங்கிலீஷ் படித்தபோது நான் ஹாஸ்டலில் சமையல். இப்போதும் அதேதான். மூன்று வருஷம் என் கையால் சாப்பிட்டவள்.

இங்கிலீஷ் படித்த பெண்கள் என்ன வேலைக்குப் போனார்கள் என்று ஆராய அவளுக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். கூடப் படித்தவர்களில் முப்பது பேராவது பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தவணை வராது, ஆராய்ச்சி நின்றுவிடும். அதுவரை கிடைத்தது பதினொரு பேர். காலேஜ் ரிஜிஸ்டரில் இருந்ததெல்லாம் கல்யாணத்துக்கு முந்தின விலாசம்.

"அவளுங்க கல்யாணப் பத்திரிகை உன்கிட்ட இருக்குதாக்கா?" என்றாள்.

இருந்தது. கல்யாணம் என்றால் எனக்கும் ஒன்று வைப்பார்கள். நான் எதையும் எறிந்ததில்லை. பெண்ணின் படிப்பு, மாப்பிள்ளை ஊர், பெரியவர்கள் போன் நம்பர் எல்லாம் அச்சாகியிருந்தது. பாதி தெலுங்கில். என் வீட்டுக்காரர் படித்துச் சொன்னார்.

அவள் போன் போட்டாள். "சர்வே" என்றதும் வைத்துவிட்டார்கள். ஒருவர், "லோன் வேணாம்மா" என்றார்.

நான் என் போனை எடுத்தேன். சத்தியவேட்டில் ஒருத்தியின் மாமியார் பேசினாள்.

"நான் ஹாஸ்டல்ல சோறு ஆக்கறவ. உன் மருமவ உப்புமான்னா ஓடுவாளே. இப்போ துன்றாளா?"

"இப்பவும் ஓடறா. இரு, குடுக்கறேன்."

அந்தப் பெண் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருந்தாள். ஏர்பேட்டுக்காரி பால் வியாபாரம்.

"மாடு மேய்க்கறேன்னு எழுதுவியாடி?" என்று இவளைக் கேட்டாள்.

"எழுதறேன்டி. எத்தினி மாடு?"

மத்தியானம் பத்திரிகைகள் தீர்ந்தன. பழைய பதினொன்றையும் சேர்த்து மொத்தம் இருபத்தாறு பேர். அவள் லேப்டாப்பை மூடினாள். நான் சோறு போட்டேன்.

"பிசைஞ்சிக்கினே கீறியே, துன்னு."

"துன்றேன்க்கா." ஆனால் கை வாய்க்குப் போகவில்லை.

என் போன் அடித்தது. கார்வேட்டிநகரத்துப் பெண்.

"அவளுங்களுக்கெல்லாம் போன் பண்ணியாம். எனக்கு ஏன் பண்ணல? ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணேன், பத்திரிகை வெக்கலன்னு கோவமா?"

"கோவம்தான். இவ கேக்கறதுக்குப் பதில் சொல்லு, போயிடும்."

இவள் சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து இடது கையால் தட்டினாள். கார்வேட்டிநகரத்துக்காரிக்குப் பிறகு இன்னொருத்தி கூப்பிட்டாள். சாயங்காலம் வரை கூப்பிட்டார்கள். எல்லோரும் முதலில் என்னோடு சண்டை, பிறகுதான் பதில்.

திருப்பதி பஸ்ஸுக்குக் கிளம்பும்முன் உட்கார்ந்து எண்ணினாள்.

முப்பத்து மூன்று.