ஸ்டெல்லாவின் கட்டும் என் நான்காம் இடமும்

செவ்வாய்க்கிழமை காலை, ஷிப்மென்ட்டுக்கு முந்தைய கடைசிப் பார்வைக்காக டேபிளில் சட்டைகளை விரித்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் கணவர் சாமுவேல் போன் செய்தார். "சார், ஸ்டெல்லா போயிட்டா" என்றார். பிறகு அவரே, "மத்தியானம் மூணு மணிக்கு எடுக்கோம். ஞாயித்துக்கிழமை ஆளுங்ககிட்ட நீங்க சொல்லிருங்க" என்றார்.

அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை ஆட்கள், ஞாயிறுதோறும் எங்களோடு கார்டு ஆடும் நீங்கள் ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். உங்கள் ஆறு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்டெல்லாவைப் பற்றி நீங்கள் அறியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அது அவருடைய ரகசியமல்ல, என்னுடையது.

ஸ்டெல்லா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவர். கணவர் சாமுவேல் கட்டிங் மாஸ்டர். காங்கேயம் சாலையில் உள்ள எங்கள் ஆடைக் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவை ஸ்டெல்லா பார்த்துக்கொண்டார்; நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். சரக்கைச் சோதிக்க வந்த ஒரு டச்சுக்காரர், கரண்ட் போய் ஜெனரேட்டரும் மக்கர் செய்த ஒரு பிற்பகலில், பையிலிருந்து படம் போட்ட கார்டுகளை எடுத்து எங்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். மந்திரவாதிகளும் மிருகங்களும் மோதிக்கொள்ளும் ஆட்டம். போகும்போது இரண்டு பெட்டிகளை விட்டுச்சென்றார். அடுத்த ஞாயிறு மதியமே கேன்டீனில் நாங்கள் ஆட உட்கார்ந்துவிட்டோம்.

இந்த ஆட்டத்தில் அறுபது கார்டுகள் கொண்ட ஒரு கட்டை அவரவரே சேர்த்து அமைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்களுக்குக் கார்டு தயாரிக்கும் கம்பெனியே சேர்த்துப் பெட்டியில் போட்டு விற்கும் ரெடிமேட் கட்டும் உண்டு. புதிதாக ஒரு பெட்டி வந்தால் எங்களுக்கு ஒரே கேள்விதான்: பிரித்து அப்படியே எடுத்துக்கொண்டு போனால் போட்டியில் நிற்குமா? அதற்குப் பதில் சொல்ல ஸ்டெல்லா பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முதலில் ஆரம்பித்து இருபது ஆட்டம், எதிராளியை ஆரம்பிக்கவிட்டு இருபது ஆட்டம். ஒவ்வொன்றும் முடிந்ததும் எதிரே இருப்பவரிடம், "ஜெயிச்சது இந்தக் கட்டா, இல்ல நீங்க அசந்துட்டியளா?" என்று கேட்பார். அசந்துவிட்டேன் என்றால் அந்த வெற்றியைக் கணக்கில் சேர்க்கமாட்டார்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் மூன்று வருடத்துக்கு முன் எனக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். மேலே கருப்பு டிராகன். அதைத் தொட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. அப்போது பெங்களூரில் ஒரு போட்டி நடக்கப்போவதாகத் தெரிந்து நானும் ஸ்டெல்லாவும் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். அந்தப் பெட்டியோடுதான் போவேன் என்றேன். ஸ்டெல்லா இரண்டு ஞாயிறு அதை ஆடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், நல்ல கார்டுல எல்லாம் ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கான். அறுபதுல அது எப்ப கைக்கு வரும்? மிச்சமெல்லாம் பெரிய பெரிய மிருகம். அத இறக்குறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிருது. சும்மா ஆட நல்லாருக்கு. போட்டில நிக்காது. ஆறுல ஒண்ணு ஜெயிச்சா பெருசு."

எல்லோர் முன்னாலும் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. "துணியில குறை தேடித் தேடி உங்களுக்கு எதைப் பார்த்தாலும் குறையாத்தானுங்க தெரியுது" என்றேன்.

அவர் முகம் மாறியது. நீங்கள் எல்லோரும் போனபின் என்னிடம் தனியாகச் சொன்னார்: "இருக்கலாம் சார். நம்ம ஆளுங்ககூட மட்டும்தான ஆடிப் பாத்திருக்கேன். நீங்க ஒண்ணு செய்ங்க. என் கட்டை நீங்க எடுத்துக்கோங்க. உங்க பெட்டிய நான் அங்க ஆடுதேன். நான் சொன்னது தப்புன்னா அங்க தெரிஞ்சிரும்லா."

அவருடைய கட்டு சாதாரணமானதல்ல. ஒவ்வொரு கார்டாகப் பரிமாறி, போட்டு, எடுத்து, எட்டு மாதத்தில் அமைத்தது. பெங்களூரில் ஜெயிக்க அவருக்கிருந்த ஒரே வாய்ப்பு அது. அதை என் கையில் கொடுத்துவிட்டு, தோற்கும் என்று தானே சொன்ன பெட்டியோடு ரயில் ஏறினார்.

எங்கள் இருவரோடு சாமுவேலும் வந்தார். ஒரு புத்தகக் கடையின் மாடியில் போட்டி. ஸ்டெல்லா அந்தப் பெட்டிக்கட்டை ஏனோதானோ என்று ஆடவில்லை. ஒவ்வொரு முறையும் யோசித்து, விரல் நகத்தைக் கடித்து, ஜெயிக்கவே ஆடினார். ஆறு சுற்றில் இரண்டில் ஜெயித்தார். நான் ஐந்தில் ஜெயித்து நான்காம் இடம் வந்தேன். திரும்பும் ரயிலில் அவர் சாமுவேலிடம், "ஒண்ணுன்னு சொன்னேன், ரெண்டு வந்திருக்கு. நான் கொஞ்சம் மட்டமாத்தான் சொல்லிட்டேன். ஆனா போட்டில நிக்காதுன்னது சரிதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாலாவது சுத்துல நீங்க பொறுத்திருந்து ஆடுனிய பாருங்க, நானா இருந்தா அவசரப்பட்டிருப்பேன்" என்றார்.

திங்கட்கிழமை ஆபீஸில், எனக்குக் கிடைத்த சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்த முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். "நம்ம கம்பெனி ஆளு பெங்களூரு போயி நாலாவதா வந்திருக்காருங்க" என்றார். என் தோளில் கைபோட்டு, "ஏனுங்க தம்பி, இந்தக் கட்டெல்லாம் நீங்களே சேர்த்ததுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்கண்ணா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யல்ல. வாயில் வந்துவிட்டது. ஆனால் திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. ஸ்டெல்லா நான்கு அடி தள்ளி, கழுத்தில் அளவு டேப்போடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்துச் சிரித்தேன். ஸ்டெல்லா செக்கிங் டேபிளுக்குத் திரும்பிப் போய்விட்டார். சான்றிதழ் நோட்டீஸ் போர்டில் ஒரு வருடம் இருந்தது.

அதன் பிறகும் ஞாயிறுகளில் அவர் வந்தார். என் புதுப் பெட்டிகளை முன்போலவே சோதித்துச் சொன்னார். ஆனால் தன் கட்டை யாருக்கும் இரவல் தருவதை நிறுத்திவிட்டார். "நீங்களே ஒண்ணு சேருங்க" என்பார். அவருக்குக் கஞ்சத்தனம் வந்துவிட்டது என்று நீங்கள் கேலி செய்தீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

அமெரிக்க ஆர்டர்கள் குறைந்து பாதி மெஷின்கள் நின்ற சமயத்தில்தான் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. போன மாதம் கோவை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். முடியெல்லாம் கொட்டி, தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தார். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். என்னை முடிக்கவிட்டுவிட்டுச் சொன்னார்:

"கட்டு என்னுது. ஆடுனது நீங்க. நாலாவது இடத்துக்கு ரெண்டும் வேணும். அதுல எனக்கு ஒண்ணுமில்ல சார். ஆனா அன்னைக்கே நீங்க சொல்லிருக்கணும்."

"மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"என்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவருகிட்டல்லா சொல்லணும்" என்றார். வரும் திங்கட்கிழமை முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். திங்கட்கிழமை முதலாளி தாராபுரம் போயிருந்தார். அடுத்த நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்கடுத்த வாரங்களிலும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்ததும், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த முதலாளியிடம், அந்தக் கட்டு ஸ்டெல்லா சேர்த்தது என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார். "இருக்கையிலேயே சொல்லியிருந்தா அந்தப் புள்ளையக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசியிருப்பேனுங்க" என்றார். பிறகு காரில் ஏறினார்.

பக்கத்தில் நின்ற சாமுவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும் சார்" என்றார். "அன்னைக்கே வந்து சொன்னா. ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல, அவ்ளோ கோவம். விடு, இனி அவருகூட ஆடப் போகாதன்னேன். 'அவரு தெரிஞ்சு செய்த ஆளு இல்ல, சொல்லிருவாரு'ன்னா. கேக்கும்போதெல்லாம் அதையேதான் சொன்னா."

மூன்று வருடம் அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தன் கணிப்பு சரியா என்று ஒவ்வொரு ஞாயிறும் என் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நம்பிக்கையைத்தான். அது சரியென்று காட்ட எனக்கு மூன்று வருடம் இருந்தது. அவர் கேட்க முடியாத அன்றுதான் என்னால் காட்ட முடிந்தது.