எந்த ஊர் அறை?

ரப்பர் பாலைத் திரியவிடாமல், அதற்குள்ளிருக்கும் ரப்பர் மூலக்கூறுச் சங்கிலிகளை மட்டும் மருந்து ஊற்றித் துண்டு துண்டாக வெட்டுவது என் வேலை. இதைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு விளக்கிச் சொல்லி மூச்சு வாங்கியவர்கள் யாராவது இருந்தால், என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

பஸ்ஸில் பால்

தேவர்சோலைத் தோட்டத்தில் ஒரு கேன் ரப்பர் பால் வாங்கிக்கொண்டு, ஊட்டியிலிருக்கும் என் லேபுக்குப் பஸ் ஏறினேன். கெடாமலிருக்க அதில் அம்மோனியா கலந்திருப்பார்கள். மூடி கொஞ்சம் லூஸ். நாலு வளைவு தாண்டுவதற்குள் பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டது. என்ன அதில் என்று கண்டக்டர் கேட்டார். பால் என்றேன். வேறென்ன சொல்ல?

"ஏனுங்க அம்மிணி, பால் கெட்டு நாலு நாளாச்சாட்ட இருக்குது, இதையப் போயி டிக்கெட் எடுத்துக் கொண்டு போறீங்களே!"

மூன்று தோல்வி

வெட்டிய துண்டின் இரு நுனியிலும் ஒரு கொக்கி முளைக்க வேண்டும். கொக்கி இருந்தால்தான் அது வேறொன்றோடு சேர்ந்து பசையாகும், பூச்சாகும். கோயம்புத்தூரிலிருக்கும் என் கைடு எழுதித் தந்த செய்முறையை எழுத்துப் பிசகாமல் செய்தேன். மூன்று தடவையும் போட்ட ரப்பர் போட்டபடியே வந்தது. இரண்டு வருஷ உழைப்பு! போனில் சார் சொன்னார்:

"உனக்குக் கை சரியில்லம்மா, இந்த மாசத்தோட இதை மூடிரலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூட மாட்டேன் சார் என்று சொல்லிவிட்டு நானே போனை வைத்தேன்.

மாரியப்பண்ணன்

மறுநாள் காலை வெளியே உறைபனி. லேப் உதவியாளர் மாரியப்பண்ணன் குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டருமாக வந்து நின்றார். ஆத்திரம் அடங்காமல் செய்முறையை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "அறை வெப்பநிலையில் முப்பது மணி நேரம்" என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அறைன்னா எந்த ஊரு அறைங்க அம்மிணி?"

சாரின் போன்

நான் ஒரு மண்டு! அன்றைக்கே குடுவையை வெந்நீர்த் தொட்டியில் இறக்கி முப்பது டிகிரியில் வைத்தேன். பால் திரியவில்லை. அதிலிருந்து எடுத்த ரப்பர் தேனாக வழிந்தது. கோயம்புத்தூருக்கே அனுப்பிச் சோதித்ததில் இரு நுனியிலும் கொக்கி. செய்முறையில் எதை மாற்றினாய் என்று சார் கேட்டார். "ஒண்ணையும் மாத்தலீங்க சார், உங்க ஊர்ச் சூட்டை மட்டும் இங்க கொண்டாந்தேன்" என்றேன்.

"சரி சரி, வேலையைத் தொடர்ந்து பண்ணு. அந்த அறை வெப்பநிலைங்கிற வரியை மட்டும் அடிச்சிரு."

அடிக்கவில்லை. பக்கத்தில் 'கோயம்புத்தூர் அறை' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஆக, இரண்டு வருஷ ஆராய்ச்சியில் யாரும் மறுக்க முடியாதபடி நான் நிரூபித்திருப்பது, ஊட்டி குளிரும் என்பதைத்தான்.