மோத்தியைக் கரையேற்றியவள்

செவ்வாய்க்கிழமை காலை, சங்கு ஊதிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் மிஷினுக்கு ஊசி மாற்றிக்கொண்டிருந்தேன். கேட் வாட்ச்மேன் உள்ளே வந்து சூப்பர்வைசரிடம் ஏதோ சொன்னார். அவர் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். அத்தனை தையல் மிஷினும் ஒரே நேரத்தில் நின்றதும் நாம் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். "நம்ம ஷமீம் போய்ட்டாங்கம்மா," என்றார். "எங்க போய்ட்டா?" என்று கேட்டவள் நான்தான். பத்து நாளாக மஞ்சள் காமாலையில் படுத்திருந்தவள் எங்கே போவாள்? தெரிந்தும் வாய் கேட்டுவிட்டது. பகல் தொழுகைக்கு முன்னால் அவள் தம்பி வீட்டுக்குப் போய் முகம் பார்த்தோம். முப்பத்து நாலு வயது. பாவி, இன்னும் எவ்வளவு பேச வேண்டியவள்.

நம் செக்‌ஷன் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவளைப் பற்றி நாலு வரி நல்லதாக எழுதித் தா என்று என்னிடம் கேட்டீர்கள். நல்லதாக மட்டும் எழுதினால் ஷமீமே எழுந்து வந்து சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டு "ரிஜெக்ட்" என்பாள். அதனால் நடந்ததை எழுதுகிறேன். கடைசியில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காக என்னைத் திட்ட நினைக்கிறவர்கள் முழுவதையும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

புதிதாக வந்த பெண்களுக்காகச் சொல்கிறேன். ஷமீம் செக்கிங் டேபிளில் இருந்தாள். நாம் தைத்துத் தள்ளுகிற ஷூ மேல்பாகங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தோலைத் தரம் பிரிக்கிற மாதிரியே உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் செலக்‌ஷன் போடுவாள். காண்டீன் சாம்பார் மூன்றாம் செலக்‌ஷன். மேனேஜரின் தீபாவளிப் பேச்சு இரண்டாம் செலக்‌ஷன், "நீளம் ஜாஸ்தி, சரக்கு கம்மி." பத்தொன்பது வயதில் அவளுக்குக் கல்யாணமாகி, ஒரே வருடத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அதைப் பற்றி யாராவது தோண்டிக் கேட்டால், "மொத வாரமே தெரிஞ்சி போச்சு, ரிஜெக்ட்டுன்னு," என்பாள்.

ஆனால் அவள் உயிரைக் கொடுத்துச் செலக்‌ஷன் போட்டது டிவி தொடர்களுக்குத்தான். டெல்லியிலிருந்து வருவது எல்லாம் இந்தி. நமக்கோ ஒரு வார்த்தை புரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில் உட்கார்ந்து வெறும் படத்தைப் பார்த்துவிட்டு வருவோம். ஷமீம் அவள் மாமா வீட்டில் பார்ப்பாள். உருது பேசுகிறவள், அவளுக்கு எல்லாம் புரியும். திங்கட்கிழமை சோற்றுமணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் அவளைச் சுற்றி உட்காருவோம். யார் என்ன பேசினார்கள் என்று சொல்வாள். கூடவே அவர்கள் என்ன பேசியிருக்க வேண்டும் என்றும் சொல்வாள். இரண்டையும் கலக்க மாட்டாள். "இது அவங்க சொன்னது. இது நான் சொல்றது," என்று விரலை மடக்கிப் பிரித்துக் காட்டுவாள்.

குடும்பத் தொடர் ஒன்று புதன்கிழமை வந்துகொண்டிருந்தது, நினைவிருக்கிறதா? நம் சூப்பர்வைசருக்கு அதன் மேல் உயிர். ஒருநாள் அவர் அதில் வரும் மாமியாரைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது ஷமீம் தலை நிமிராமலே சொன்னாள்: "அழறதத் தவிர அந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லியா சார்? மொளகா அரைச்சா நாங்ககூடத்தான் அழுவோம். சிரிக்க வெச்சிட்டு அப்புறம் அழ வைக்கணும். அதான் கஷ்டம்." மனிதர் ஒரு வாரம் அவளுக்குப் பெர்மிஷன் சீட்டு கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. "ஒரு வாரம் லேட்டா வூட்டுக்குப் போனா செத்தா பூடுவேன்? நல்லால்லாதத நல்லாக்குதுன்னு சொன்னாத்தான் எனக்கு சோறு எறங்காது," என்றாள்.

அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. ஞாயிறு காலை வந்த பொம்மைப் படத் தொடர். ஜப்பான்காரர்கள் வரைந்தது என்று சொல்லிக்கொண்டார்கள், பேச்சு மட்டும் இந்தி. ஒரு பெரிய ஆறு. நம் பாலாறு மாதிரி மணல் ஓடுகிற ஆறு இல்லை, நிஜமாகவே தண்ணீர் ஓடும். அதில் அப்பா செத்த பிறகு தானே பரிசல் ஓட்டும் லீனா என்ற பெண். அவளோடு எப்போதும் ஒரு வெள்ளாடு, ஒரு கொம்பு உடைந்தது, பெயர் மோத்தி. "குழந்தைங்க பாக்கறதுன்னு ஏனோதானோன்னு எடுக்கல பாரு. காத்து அடிச்சா புல்லு தனியா ஆடுது, அவ பாவாடை தனியா ஆடுது. இந்த மாதிரி வேலை நம்ம சினிமால யாரு செய்றான்?" என்பாள். மோத்தி நொண்டிய வாரம் நாம் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அவள்தான் சிரித்தாள். "ஆட்டுத் தோலத் தைச்சி சோறு துன்றோம். பொம்ம ஆட்டுக்கு அழுவுறோம். நம்மள இன்னான்னு சொல்றது?"

என் மகள் ஜெசிக்கு எட்டு வயது. அவளுக்கு அந்த ஆடு என்றால் உயிர். ஷமீமை, சித்தி என்று பொருள்படும் அவர்கள் வீட்டு வார்த்தையால் "காலா" என்றுதான் கூப்பிடுவாள். ஜெசியின் இதயத்தில் ஓட்டை இருந்தது உங்களுக்குத் தெரியும். வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறு சர்ச் ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம். வெள்ளம் வந்து பரிசல் கவிழ்ந்தது. மோத்தி தண்ணீரில் போனது. அத்தோடு அந்த வாரம் முடிந்தது. ஆபரேஷனுக்குப் போகும்போது ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு ஜெசி என்னைக் கேட்டது ஒன்றுதான்: "மோத்திக்கு இன்னா ஆச்சும்மா?"

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அடுத்த ஞாயிறு மத்தியானம் ஷமீம் ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வார்டுக்கு வெளியே வராந்தாவிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மோத்தி செத்துப்போயிற்று என்றாள். லீனா இரண்டு நாள் கரையோரம் தேடி, கடைசியில் நாணலுக்குள் அதைக் கண்டெடுத்துத் தன் கையாலேயே புதைத்தாளாம்.

"அத ஜெசிகிட்ட சொல்லிடாதடி," என்றேன். "கொழந்த அதிர்ச்சி ஆவக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு."

"எஸ்தரு, அந்தத் தொடர்லயே ஒன்னாம் செலக்‌ஷன்னா இந்த வாரந்தான்டி. ஒரு பேச்சு கெடையாது. அவ மண்ணு தள்றது மட்டுந்தான் காட்றான். அதையா மாத்தச் சொல்ற?"

"உன் கால்ல விழறேன்."

ஷமீம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். கட்டிலோரம் உட்கார்ந்து, "மோத்தி கரையேறிடுச்சு கண்ணு!" என்றாள். ஜெசி முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

ஏழு ஞாயிறு வந்தாள். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. லீனா வீட்டைத் தேடி ஆற்றோரமாகவே மோத்தி நடந்துவருகிறது. வழியில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் புகுந்து மாப்பிள்ளை மாலையைத் தின்றது. ஒரு ஜட்ஜ் வீட்டுத் தோட்டத்தில் பிடிபட்டுக் கூண்டில் நின்றது. பக்கத்துக் கட்டில் குழந்தைகள் எல்லாம் கேட்பார்கள், நர்சுகள்கூட மருந்துத் தட்டோடு நின்று கேட்பார்கள். எல்லாம் அவளாகக் கட்டியது. பஸ்ஸில் வரும்போது பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் யோசித்து முடித்துவிடுவாளாம். திரும்பிப் போகும்போது வாசலில் என்னிடம், "இந்த வாரம் நான் சொன்னது ரெண்டாம் செலக்‌ஷன்தான்டி, ஜட்ஜு சரியா வரல," என்று வருத்தப்படுவாள். இந்தப் புளுகு அவளுக்குக் கசந்தது. கசந்துகொண்டேதான் செய்தாள்.

ஜெசி வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடம் போன மூன்றாம் நாளே விஷயம் உடைந்துவிட்டது. ஹாலில் பார்த்த பிள்ளைகள், "மோத்தி எப்பவோ செத்துப்போச்சே, நாங்க பாத்தோமே," என்று சொல்லிவிட்டார்கள். அன்று சனிக்கிழமை, நமக்கு அரை நாள். வேலை விட்டு வெளியே வந்தால் கேட்டருகே புத்தகப் பையோடு ஜெசி நிற்கிறாள். நேராக ஷமீமிடம் போய், "காலா, மோத்தி செத்துப்போச்சா?" என்று கேட்டாள். ஷமீம் அவள் பையை வாங்கக் கை நீட்டினாள். ஜெசி என் பக்கம் திரும்பி, "உனக்கும் தெரியுமாம்மா?" என்றாள்.

இதைத்தான் உங்கள் முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் என் மகளிடம் சொன்னேன்: "எனக்கெப்படித் தெரியும்? எனக்கு இந்தி தெரியாதே."

ஷமீம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமா கண்ணு, அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தான் சொன்னேன்," என்றாள். "நீங்க பொய்க்காரி," என்றாள் ஜெசி. உங்களில் பாதிப் பேர் அன்று அந்தக் கேட்டருகே நின்றீர்கள். ஒருவர்கூட என்னைச் சந்தேகப்படவில்லை. ஷமீமைப் பார்த்து 'குழந்தையிடம் போய் இப்படியா' என்று முணுமுணுத்தீர்கள். நல்லதை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும் சொன்னவளுக்குக் கடைசியில் கிடைத்த பெயர் பொய்க்காரி. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஐந்து வாரம் ஜெசி அவளோடு பேசவில்லை. ஷமீம் ஆற்காட்டிலிருந்து வாங்கிக் கொடுத்த மக்கன் பேடா இனிப்பைத் திருப்பி அனுப்பினாள். தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போனாள். "இன்னிக்கி சொல்லிடறேன்டி," என்று நான் தினமும் சொல்வேன். "அவசரப்படாத. இப்பத்தான் ஒடம்பு தேறி வருது. என்மேல கோவம்னா ஒரு எதிர்வீட்டுக்காரிமேல கோவம் மாதிரி. உம்மேல கோவம்னா அது எங்க போயி சாப்புடும்?" என்பாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அதனால் ஐந்து வாரம் தள்ளினேன்.

அதற்குள் வேலூரில் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். அதே லீனா கதை, புதுப் படமாக, தமிழ்ப் பேச்சோடு வருகிறது. பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து ஷமீம் பொரிந்து தள்ளினாள். "லீனாவுக்கு லிப்ஸ்டிக் போட்டு வெச்சிருக்கான்டி! பரிசல்காரிக்கு எதுக்கு லிப்ஸ்டிக்கு? பாட்டு வேற ஆறு இருக்குதாம். நான் சொல்றன் பாரு, பாதிப் படம் தேறும், மீதி ரிஜெக்ட்டு." அப்படியும் முதல் வாரமே போக வேண்டும் என்றாள். ஒரு படத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது ஹராம் என்பது அவள் கட்சி.

கடைசியாக அவளைப் பார்த்தது, அவள் போவதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை. கண்ணெல்லாம் மஞ்சள். தம்பி மனைவி கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தாள். "ஜெசி வரலியா?" என்று ஷமீம் கேட்டாள். "பரீட்சைக்குப் படிக்கிறா," என்றேன். அதுவும் பொய். அவள் நம்பவில்லை, நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். "படத்துக்குப் போறப்ப அவள என் பக்கத்துல உக்கார வெய்யி. தமிழ்லயே பேசிடுவானுங்க, நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. சும்மா பக்கத்துல உக்காந்தா போதும்," என்றாள். அன்றே வீட்டுக்குப் போய் என் மகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்திருக்கலாம். நடந்தால் கால் மணி நேரம். ஒரு வாரம் போகட்டும், ஷமீம் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். நினைத்தவள் வாயில் மண்ணைப் போட.

செவ்வாய்க்கிழமை முகம் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம் ஜெசியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் காலில் விழுகிறேன் என்றதிலிருந்து சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"அன்னிக்கி கேட்டாண்ட உனக்குத் தெரியாதுன்னு சொன்னியே, அப்ப காலா பக்கத்துலதான நின்னாங்க?"

"ஆமா."

"நான் அவங்கள பொய்க்காரின்னு சொன்னப்பவும் நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமாடி."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. இன்றோடு ஆறு நாள். சோறு போட்டால் சாப்பிடுகிறாள், தலை வாரிவிட்டால் நிற்கிறாள், வாய் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறாள். சின்னப் பிள்ளைதானே, சமாதானம் பண்ணு என்கிறார் என் வீட்டுக்காரர். வருகிற வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. அவள் வருவாளோ மாட்டாளோ, நான் கூப்பிடப் போவதில்லை, கெஞ்சப் போவதுமில்லை.

ஷமீமின் சாக்பீஸை ஒருத்தி எடுத்துக்கொண்டாள், டிபன் பாக்ஸை அவள் தம்பி வாங்கிப்போனான். உனக்கு ஞாபகத்துக்கு ஒன்றும் வேண்டாமா என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்குச் சேர வேண்டியது எனக்கு வந்துவிட்டது. என் மகளுடைய அந்தக் கோபத்தை ஐந்து வாரம் ஷமீம் எனக்காகச் சுமந்தாள், அதோடேயே போயும் சேர்ந்தாள். அது தானாகத் தீருகிறவரை நான் வைத்துக்கொள்கிறேன்.