மணைப்பலகையில் சுறா

சாம்பிராணிப் புகை. அதற்கு அடியில், யாரோ ஒளித்து வைத்ததுபோல், கடல் மீனின் ஈர வாடை. இரண்டும் சேர்ந்து வந்தால் எங்கே நின்றாலும் நகர்ந்துவிடுவேன். ஐம்பது வயதாகியும் கால் நிற்பதில்லை.

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் வெங்காயமே நாள் பார்த்துத்தான் நுழையும். அந்த வீட்டுக்குள் அத்தை ஒரு சுறாவைக் கொண்டுவந்தாள்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. விலங்கியல் மூன்றாம் வருஷம். முதல் வகுப்பு வந்தால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் நாக்பூர் வரன் என்று அப்பா சொல்லியிருந்தார். செய்முறைத் தேர்வில் சுறாவின் தலையைத் திறந்து நரம்புகளை அறுந்துபோகாமல் எடுத்துக் காட்ட வேண்டும். கல்லூரியில் நாலு பேருக்கு ஒரு மீன். கத்தரிக்கோல் அவள் கைக்கு வந்ததே இல்லை. தேர்வு திங்கட்கிழமை. அதற்கு முன்னால் அறுபத்துமூவர் உற்சவத்தன்று வீடே மாடவீதிக்குப் போய்விடும். அன்று வயிற்றுவலி என்று என்னைப் படுத்துக்கொள்ளச் சொன்னாள். எனக்கு எட்டு வயது; படுத்துக்கொண்டேன். எனக்குத் துணையாக அவள் வீட்டில் தங்கினாள்.

எல்லோரும் போனதும் நொச்சிக்குப்பத்துக்கு நடந்தோம். ரோட்டோரத்து மீன்காரம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். பால்சுறா என்றால் பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுப்பது; அவளுக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

“ஊட்ல யாருக்குமா புள்ள பெறந்துகீது?”

அத்தை இருந்ததிலேயே கொழுத்ததைக் காட்டினாள்.

“அது வோணாம்மா. சின்னதா நல்லதா தர்றேன்.”

இளைத்ததைத் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று அத்தைக்குத் தோன்றிவிட்டது. கத்தரிக்காய் மட்டுமே பொறுக்கத் தெரிந்த வீட்டுப் பெண். பிடிவாதமாகப் பெருத்ததையே வாங்கினாள். ஒயர் கூடையில், முளைக்கீரைக்கு அடியில், அது எங்களோடு வந்தது.

கொல்லைக் குளியலறையில், நாங்கள் சாப்பிட உட்காரும் மணைப்பலகை ஒன்றில் அதை ஆணி அறைந்து நிறுத்தினாள். தோல் உப்புத்தாள்போல் விரலைச் சுரண்டியது. கண் என்னைப் பார்த்தது. நான் நகர்ந்தேன், அப்போதும் பார்த்தது. காற்று திரும்பும்போதெல்லாம் மாடவீதி நாகஸ்வரம் வந்து வந்து போயிற்று. அத்தை பென்சில் சீவுகிறமாதிரி மண்டையைச் சீவல் சீவலாகச் சீவினாள். உள்ளே வெள்ளை இழைகள்.

“அஞ்சாவது நரம்பு இங்கே பிரியறது,” என்று ஈர விரலால் என் கன்னத்தில் கோடு போட்டாள். “ஏழு, இதோ. பத்து, கழுத்து வழியா இறங்கி நெஞ்சுக்குப் போறது. உனக்கும் இருக்குடீ.”

என் முகத்துக்குள் யாரோ நூல் கோத்துவிட்டதுபோல் இருந்தது. வாயைத் திறக்கப் பயந்தேன்.

அப்போதுதான் வயிறு அசைந்தது.

தலை திறந்து கிடக்கிறது, மூளை வெளியே தெரிகிறது. வயிறு மட்டும், உள்ளிருந்து முழங்கையால் இடித்ததுபோல், ஒரு தரம். இன்னொரு தரம். கத்தரிக்கோல் நின்றது. பிறகு அத்தை வயிற்றைக் கீறினாள். ஐந்து குட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு கொடியில். நான்கு அசையவில்லை. ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. மீன்காரம்மாள் ஏன் வேண்டாமென்றாள் என்பது அத்தைக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். கொடியை வெட்டி, அண்டாத் தண்ணீரில் சமையல் உப்பை அள்ளி அள்ளிப் போட்டு, குட்டியை அதில் விட்டாள். அது வட்டமாகச் சுற்றத் தொடங்கியது.

அத்தை மறுபடி தலைக்குத் திரும்பினாள். எண்ணிக்கொண்டே அழுதாள், கத்தரிக்கோல் மட்டும் நிற்கவில்லை. பத்தாவது அறுபடாமல் வந்தது. “வந்துடுத்து,” என்றாள், என்னிடமோ குட்டியிடமோ.

அண்டாவில் சுற்றுவது நின்றபின் எல்லாவற்றையும் வாழையடியில் புதைத்தோம். வீடெங்கும் சாம்பிராணி போட்டாள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

விளக்கு வைத்தபின், காபியும் கையுமாக அப்பா, வயிற்றுவலி போயிற்றா என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் சொல்லிவிட்டேன்: மூஞ்சிக்குள்ளே நூல் இருக்கிறது, செத்த அம்மா வயிற்றில் குட்டி உதைத்தது, அண்டாவிலே சுற்றிற்று. தூக்கிய டம்ளர் தூக்கியபடி நின்றது. எந்த அண்டா என்று மட்டும் கேட்டார்.

அதட்டல் இல்லை, அடி இல்லை. திங்கட்கிழமை காலை அத்தை கிளம்பி வந்தபோது அப்பா வாசற்கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தேர்வு பத்து மணிக்கு. பத்தரை வரை படித்தார். அத்தை நின்றுகொண்டேயிருந்தாள்.

ஆனியில் கல்யாணம். சென்ட்ரலில் ரயில் சன்னலைப் பிடித்துக்கொண்டு, “அப்பாகிட்ட...” என்று ஆரம்பித்தேன். அத்தை என்னை முடிக்க விடவில்லை. அவள் சொன்னதை அப்படியே நம்பி, நெஞ்சு லேசாகி, வீட்டுக்கு வரும் வழியில் பன்னீர் சோடா கேட்டு வாங்கிக் குடித்தேன். முன்பே தெரிந்த மனிதர் எந்த அண்டா என்று கேட்டிருக்க மாட்டார். அது எனக்கு உறைக்க வெகு காலம் ஆயிற்று. வண்டி நகரும்போது கம்பிக்கு உள்ளிருந்து குனிந்து சொன்னாள்:

“நீ ஒண்ணும் சொல்லலைடீ. அதுக்கு முன்னாடியே நான் அண்ணாகிட்ட சொல்லிட்டேன்.”