பதினாலு கிலோவுக்குக் கைதட்டினோம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பல்லடம் ரோட்டில் உள்ள ஒரு பனியன் கம்பெனியில் நான் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தபோது நடந்தது இது. கேன்டீன், முதலுதவி அறை, வேலை செய்யும் பெண்களின் உடல்நலம் எல்லாம் என் பொறுப்பு.

எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருடாவருடம் ஆடிட் பார்க்க வருவார்கள் என்பதற்காக, நானே யோசித்து எடை குறைப்புப் போட்டி ஒன்றை ஆரம்பித்தேன். சுவரில் உயரத்துக்கேற்ற எடை சார்ட்டை ஒட்டினேன். மாதம் ஒருமுறை எல்லோரையும் மெஷினில் ஏற்றி நோட்டில் குறித்துக்கொள்வேன்.

துணி செக்கிங்கில் ஒரு பெண் இருந்தாள். விருதுநகர் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவள். வயது முப்பத்து நாலு இருக்கும். அகன்ற தோள், பெரிய கைகள். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் துணி ரோலைத் தனியாளாகத் தோளில் போட்டுக்கொண்டு வருவாள். முதல் மாதம் அவள் எடை எழுபத்திரண்டு. சார்ட்டைப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படியே, "பதினாலு கிலோ ஜாஸ்தி கண்ணு. சோத்தைக் குறை" என்றேன். சிலர் சிரித்தார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

நானும் அவளும் ஒரே உயரம்தான். நான் ஐம்பத்திரண்டு கிலோ. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே குருவி உடம்பு. அதை ஏதோ என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அவள் மதியச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். எடை இறங்கத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு மளமளவென்று. இருமலும் வந்தது. பஞ்சுத் தூசியில் வேலை செய்பவர்கள் இருமுவது எங்களுக்குப் புதிதில்லை. ஒரு நாள் முதலுதவி அறைக்கு வந்தாள்.

"பசியே எடுக்க மாட்டேங்குதுக்கா. சாயங்காலமானா காச்சலடிக்கிற மாதிரி இருக்கு."

காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டு நான் சொன்னேன்: "பசிக்காட்டி நல்லதுதானே கண்ணு. நீதான் ஜெயிக்கப் போறே."

எட்டாவது மாதம் ஐம்பத்தெட்டு. பதினாலு கிலோ குறைத்திருந்தாள். சார்ட்படி கச்சிதமான எடை. அவளுடன் வேலை செய்த ஒரு பெண் என்னிடம் வந்து, "ஆளே செரியில்லீங்க மேடம், கொஞ்சம் பாருங்க" என்றாள். பொறாமை என்று நினைத்தேன். ஜெயித்தவளை மேடையில் ஏற்றி ஹாட்பாக்ஸ் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தோம். கழுத்தெலும்பு துருத்த, தொளதொளத்த சுடிதாரில் அவள் நிற்க, முந்நூறு பேர் கைதட்டினார்கள். போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் நான்தான்.

இரண்டு வாரம் கழித்து, கேன்டீனில் கை கழுவும் இடத்தில் இருமியவள் ரத்தமாகத் துப்பினாள். கம்பெனி வண்டியில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காசநோய். ஒரு பக்க நுரையீரல் பெரும்பாலும் கெட்டுப்போயிருந்தது.

எடை நோட்டை டாக்டரம்மாவிடம் பெருமையாகத்தான் நீட்டினேன். அவர் ஒவ்வொரு மாதமாகப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு வேகமா இறங்கியிருக்கே, ஏன்னு யாருமே கேக்கலையா?"

"சார்ட்படி இப்பத்தானுங்க சரியான எடை" என்றேன்.

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். பிறகு என்னுடையதை. இளைத்துப்போன பிறகும் அவளுடையது என்னுடையதைப் போல ஒன்றரைப் பங்கு இருந்தது.

"எலும்புக்கட்டு ஆளுக்கு ஆள் மாறும். ஒரே உயரம்னா ஒரே எடையா? இந்தம்மாவுக்கு எழுபது கிலோகூட இயல்பா இருந்திருக்கலாம். இப்ப இருக்கிறது நோய் தின்ன மிச்சம். சார்ட்டைப் பாத்தீங்க, ஆளைப் பாக்கலை."

பக்கத்தில் நின்ற அவள் கணவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "ஆடிட் வருதுங்க. அந்தம்மா போட்டோவை எடுத்துட்டு, ரெண்டாவதா வந்தவங்களதை ஒட்டிருங்க." மறுபேச்சுப் பேசாமல் செய்தேன். இன்றும் நினைத்தால் கூசுவது அதுதான்.

மருந்து முடிந்து அவள் பிழைத்தாள். ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. பஞ்சுத் தூசி பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கே திரும்பிப் போவதென்று முடிவு செய்தார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் அவர்கள் இருந்த லைன் வீட்டுக்குப் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

"என்னைய மன்னிச்சுரு கண்ணு" என்றேன்.

"நீங்க என்னக்கா செய்வீங்க. எல்லாரும் கைதட்டினப்ப எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. சின்ன வயசுல இருந்து தடிச்சின்னுதான் கூப்புட்டாக."

அதற்குமேல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை.

சில மாதங்களில் நான் அந்த வேலையை விட்டேன். இப்போது யாராவது இளைத்து வந்து நின்றால், சுற்றியிருப்பவர்கள் பாராட்டும்போது நான் மட்டும், "நல்லாச் சாப்பிடறீங்களா, இருமல் கிருமல் இருக்குதுங்களா" என்று கேட்கிறேன். கிறுக்கு என்று நினைப்பவர்களும் உண்டு. எடை போடுவது வேறு, ஒரு மனுஷியைப் பார்ப்பது வேறு என்று நான் தெரிந்துகொள்வதற்கு இன்னொருத்தியின் நுரையீரல் போக வேண்டியிருந்தது என்பதுதான் இன்றுவரை கசக்கிறது.